இறைச்சிக்கூடத்துக்குள் நுழைய யாருக்கெல்லாம் அதிகாரம்?

தக்கலைக்குப் பக்கத்தில் அப்பாவின் இறைச்சிக்கடையை எடுத்து நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு அறுப்புக் கொட்டகை. சாதாரண நாளில் ஆறேழு ஆடு, ஞாயிறு என்றால் பதினான்கு, பதினைந்து. சனி இரவு ஒரு போத்தும் (எருமைக் கடா) உண்டு. ஒரே மாதத்தில் மூன்று தரப்பு வந்திருக்கிறார்கள். முதலில் உணவுப் பாதுகாப்பு அலுவலர், அப்புறம் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர், கடைசியாக "விலங்கு நல வாரியத்திலிருந்து வருகிறோம்" என்று கேமராவோடு இரண்டு பேர். முதல் இருவரை உள்ளே விட்டிருக்கிறார். மூன்றாவது தரப்போடு வாசலிலேயே வாக்குவாதம் ஆகிவிட்டது. அவருடைய கேள்வி இதுதான்: வாரண்ட் இல்லாமல் இவர்கள் எல்லாம் உள்ளே வரலாமா? யாரைத் தடுக்கலாம், யாரைத் தடுக்கக் கூடாது?

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறுப்புக்கு முன்னால் ஆடு மாடுகளைப் பரிசோதிப்பது பல ஆண்டுகள் என் வேலையில் ஒரு பகுதி. வழக்குகளில் சாட்சி சொல்ல நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

சுருக்கமான விடை: இறைச்சி விற்பனைக்காக அறுக்கும் இடத்துக்குள், அதற்கென்று சட்டம் அதிகாரம் கொடுத்த அலுவலர் வாரண்ட் இல்லாமலே வரலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் 'ஆய்வாளர்' என்று எல்லாரையும் ஒரே பெயரில் சொன்னாலும் ஒவ்வொருவரும் கொண்டு வருவது வேறு வேறு சட்டம். ஒருவர் உள்ளே வரலாம், ஆனால் எதையும் எடுத்துப் போக முடியாது. இன்னொருவர் இறைச்சியைக் கைப்பற்றலாம், ஆனால் உயிரோடு நிற்கும் ஆட்டைத் தொட முடியாது. வேறொருவர் ஆட்டைக் கைப்பற்றலாம், ஆனால் உள்ளே வர அவருக்கு வாரண்ட் வேண்டியிருக்கும். அதனால் வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சார், எந்தச் சட்டப்படி வந்திருக்கீங்க?" என்பதுதான். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல அலுவலரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உணவுப் பாதுகாப்பு அலுவலரில் இருந்து தொடங்குவோம். உங்களுக்கு அன்றாடம் சம்பந்தப்பட்டவர் அவர்தான், அதிகாரமும் அவரிடம்தான் அதிகம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, அதன் 38ஆம் பிரிவு. உணவு தயாரிக்கப்படும் இடம், விற்பதற்காக இருப்பு வைக்கப்படும் இடம், விற்பனைக்குப் பரப்பி வைக்கப்படும் இடம் எதிலும் அவர் நுழைந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம். சட்டத்துக்குப் புறம்பானது என்று தோன்றும் இறைச்சியைக் கைப்பற்றலாம், அல்லது உங்கள் பொறுப்பிலேயே விட்டுவைத்து அதற்கு ஒரு பிணைப்பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். கைப்பற்றிய இறைச்சி மனிதர் தின்னத் தகாத அளவுக்குக் கெட்டுப்போயிருந்தால் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு அழிக்கலாம். பிளீச்சிங் பவுடர் போட்டுப் புதைப்பதை நம் ஊர்ச் சந்தைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த அதிகாரம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் 'எழுத்தில் அறிவிப்பு' என்ற வார்த்தையை மறக்க வேண்டாம். வாயால் சொல்லிவிட்டு அள்ளிக்கொண்டு போவது சட்டப்படி சரியல்ல.

அவருக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்த அதே பிரிவு கடிவாளமும் போட்டிருக்கிறது. மாதிரி எடுத்தால் பொதுமக்களுக்கு விற்கும் விலையில் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போதும், உள்ளே புகுந்து சோதிக்கும்போதும், அழிக்கும்போதும் குறைந்தது ஒரு சாட்சியாவது கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். வாரண்டோடு வரும் போலீஸ்காரர் சோதனையில் எந்த நடைமுறையைப் பின்பற்ற வேண்டுமோ, அதை இவரும் இயன்றவரை பின்பற்ற வேண்டும் என்று 38(5) சொல்கிறது. சட்டத்தில் எழுதியிருப்பது 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால் இப்போது அதைத்தான் பார்க்க வேண்டும். அதன் 103ஆம் பிரிவில் எல்லாம் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வசிக்கும் மரியாதைக்குரிய சாட்சிகள், எடுத்த பொருள்களின் பட்டியல், அதில் கையெழுத்து, இடத்துக்காரருக்கு ஒரு நகல். நாம் மகஜர் என்று சொல்கிறோமே, அதுதான். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்த மாதிரி நான்கு பங்காகும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மேலே உள்ள மாவட்ட நியமன அலுவலரிடம் இருப்பில். நான்காவது பங்கை, நீங்கள் கேட்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பெரும்பாலான கடைக்காரர்களுக்கு இது தெரியாது. மாதிரி எடுக்கும் நேரத்திலேயே எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். பகுப்பாய்வாளரின் அறிக்கை உங்களுக்குப் பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த 30 நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், கவனம்.

தடுத்தால் என்ன ஆகும்? 62ஆம் பிரிவுப்படி மூன்று மாதம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்று பொய் சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கும் அதே தண்டனைதான். அடையாள அட்டையைக் கேட்பது உங்கள் உரிமை என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். மறுபக்கம், நியாயமான காரணமே இல்லாமல் தொந்தரவு செய்வதற்கென்று பறிமுதல் செய்யும் அலுவலருக்கு 39ஆம் பிரிவில் ஒரு லட்சம் வரை தண்டம் உண்டு. ஆனால் அவர்மேல் பொய்ப்புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு ஐம்பதாயிரத்தில் இருந்து ஒரு லட்சம் வரை போகும். ஆத்திரத்தில் மனு எழுதும் முன் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

இனி, உங்களோடு வாக்குவாதம் செய்த அந்தக் கேமராக்காரர்கள். இந்த விஷயத்தில்தான் இரு தரப்புக்கும் நிறையத் தெளிவு வேண்டும்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ் 2001இல் இறைச்சிக்கூட விதிகள் வந்தன. அதில் 9ஆம் விதி: இந்திய விலங்கு நல வாரியமோ, அது அதிகாரமளித்த நபரோ, அமைப்போ, எந்த இறைச்சிக்கூடத்தையும் அதன் வேலை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும், உரிமையாளருக்கு முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வு செய்யலாம். செய்துவிட்டு வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். நடவடிக்கை எடுப்பது அதற்குப் பிறகு அவர்கள் வேலை. இந்த வாரியம் சாதாரண அமைப்பு அல்ல. 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கப்பட்டது, பல பத்தாண்டுகள் சென்னையில்தான் தலைமையகம் இருந்தது. அதனால் 'யாரோ வடக்கத்தி ஆட்கள்' என்று ஒதுக்கிப் பேச வேண்டாம்.

ஆனால் விதியின் வார்த்தையைப் பாருங்கள். 'அது அதிகாரமளித்த' நபர். விலங்குகள்மேல் அன்பு இருக்கிறது, சங்கத்தில் உறுப்பினர் அட்டை இருக்கிறது என்பதெல்லாம் போதாது. இறைச்சிக்கூடத்தை ஆய்வு செய்ய வாரியம் கொடுத்த எழுத்துப்பூர்வமான அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும். இருந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். இல்லை என்றால் அவர் தனியார். மற்றவர் இடத்துக்குள் நுழைய அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. போலீசுக்கோ நகராட்சிக்கோ புகார் கொடுக்கலாம், அதற்கு மேல் இல்லை. அதிகாரம் உள்ளவர் வந்தாலும் இந்த விதி அவருக்குக் கொடுப்பது ஆய்வும் அறிக்கையும் மட்டும்தான். ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போகவோ கடைக்குப் பூட்டுப் போடவோ 9ஆம் விதியில் இடம் இல்லை.

இன்னொரு நுணுக்கம். இந்த விதிகளில் இறைச்சிக்கூடம் என்றால் நாளொன்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட விலங்குகள் அறுக்கப்படும், உரிமமோ அங்கீகாரமோ பெற்ற இடம் என்று வரையறை. உங்கள் கணக்கில் செவ்வாய்க்கிழமை ஏழு ஆடு. அன்று அந்த வரையறைக்குள் நீங்கள் வரவில்லை என்று வாதாடலாம். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து, எண்ணிக்கையில் வந்துவிட்டீர்கள். 'எனக்கு உரிமமே இல்லை, அதனால் அந்த வரையறை எனக்குப் பொருந்தாது' என்று ஒருவர் சாமர்த்தியமாகச் சொல்லலாம். அது தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொள்வது. நகராட்சி எல்லைக்குள் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற கூடம் தவிர வேறெங்கும் அறுக்கக் கூடாது என்று 3ஆம் விதி சொல்கிறது. தக்கலை இருப்பது பத்மநாபபுரம் நகராட்சியில். உங்கள் கொட்டகை அந்த எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. நம் மாவட்டத்தில் புகார் என்றாலே முதலில் போன் போவது காவல் நிலையத்துக்குத்தான். மிருகவதைச் சட்டத்தில் போலீசுக்கான அதிகாரம் படிப்படியாக இருக்கிறது. 34ஆம் பிரிவில், கான்ஸ்டபிளுக்கு மேல் பதவியில் உள்ள போலீஸ் அதிகாரி, வதை நடந்திருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் அந்த விலங்கைக் கைப்பற்றி அருகில் உள்ள மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவரிடமோ பரிசோதனைக்குக் கொண்டு போகலாம். மாநில அரசு அதிகாரமளித்தவருக்கும் இது உண்டு. ஆனால் இது விலங்கைக் கைப்பற்றும் அதிகாரம், கட்டடத்துக்குள் புகும் அதிகாரம் அல்ல. உள்ளே புகுந்து தேட 33ஆம் பிரிவு: எழுத்தில் தகவல் வந்து, விசாரித்து, காரணம் இருக்கிறது என்று திருப்திப்பட்டால் மாஜிஸ்திரேட்டோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளரோ வாரண்ட் கொடுக்கலாம், அல்லது தாமே வந்து பார்க்கலாம். அந்த வாரண்ட் எஸ்.ஐ. பதவிக்குக் குறையாதவர் கையில்தான் வர வேண்டும்.

வாரண்ட் இல்லாமல் எஸ்.ஐ. நுழையும் வழி 32ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் குறுகலானது. வேண்டாத கொடூர முறையில் ஆட்டையோ மாட்டையோ கொன்றதாக நம்பக் காரணம் இருக்க வேண்டும், அல்லது தலைத் தோலின் பகுதி ஒட்டியபடியே உள்ள தோல் அங்கே இருப்பதாக நம்பக் காரணம் இருக்க வேண்டும். தோல் வியாபாரிக்காகத் தலையோடு சேர்த்து உரித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொடூரமாகக் கொன்றதாக வழக்கு வந்து, அப்படிப்பட்ட தோல் உங்களிடம் இருந்தது நிரூபணமானால், கொடூரமாகத்தான் கொன்றீர்கள் என்று 30ஆம் பிரிவில் சட்டமே ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். இது தவிர, வதைச் சட்டக் குற்றங்களில் பெரும்பாலானவை போலீஸ் தாமாகவே விசாரிக்கக் கூடியவை அல்ல. மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். போலீஸ் சோதனை நடந்தால் அதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. இது உங்களுக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் பாதுகாப்பு.

நகராட்சி சுகாதார ஆய்வாளரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இறைச்சிக்கூடம் அமைப்பதும், உரிமம் கொடுப்பதும், ஊருக்குள் கண்ட இடத்தில் அறுப்பதைத் தடுப்பதும் உள்ளாட்சியின் பழைய கடமைகள். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 1998, அதன் விதிகளோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. கிராம ஊராட்சி என்றால் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். ஆய்வாளரின் அதிகாரம் ஆணையரிடம் இருந்து வருவது, அதனால் ஆணையரின் அதிகாரமளிப்பு இருக்கிறதா என்று கேட்கலாம். பொதுவாக இருக்கும். அவர் பார்ப்பது உரிமம், கழிவு, தண்ணீர், ஈ மொய்க்கிறதா, ரத்தம் எங்கே ஓடுகிறது என்பதைத்தான்.

ரத்தம் ஓடும் இடம் என்றதும் இன்னொருவர் வருகிறார்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இன் 23ஆம் பிரிவு, வாரியம் அதிகாரமளித்தவர் எந்த நேரத்திலும் உள்ளே வரலாம் என்கிறது. அவர்களுடைய வகைப்பாட்டில் இறைச்சிக்கூடம் சிவப்புப் பிரிவு, அதாவது மாசு அதிகம் உண்டாக்கும் தொழில். நம் மாவட்டத்தில் எந்த ஓடையை எடுத்தாலும் அது ஒரு குளத்திலோ கால்வாயிலோ போய்ச் சேருகிறது. அந்தக் குளத்தில்தான் ஊர் குளிக்கிறது, மாடு குடிக்கிறது. கொட்டகையில் இருந்து ஒரு குழாயைப் பின்பக்கம் ஓடைக்கு விட்டுவிட்டால் விவகாரம் உங்கள் கடையோடு நிற்காது. தராசைப் பார்க்க எடையளவு ஆய்வாளரும் நியாயமான நேரத்தில் வரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போத்து விஷயம் தனி. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958 எருமை இனத்துக்கும் பொருந்தும். பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியற்றது, அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்று தகுதியுள்ள அதிகாரி சான்று கொடுத்தால்தான் அறுக்கலாம். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஆட்டுக்கு இந்தச் சட்டம் இல்லை. பசுவை எந்த இறைச்சிக்கூடத்திலும் அறுக்கக் கூடாது என்று 1976 ஆகஸ்டிலேயே அரசாணை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளை தாண்டிப் பாறசாலையில் நடப்பதைப் பார்த்துவிட்டு 'அங்கே செய்கிறார்களே' என்று சிலர் கேட்பார்கள். அங்கே கேரளச் சட்டம், இங்கே தமிழ்நாட்டுச் சட்டம். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து, நாம் இந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

இவ்வளவு சட்டங்களையும் வைத்துக்கொண்டு நான் உண்மையில் வருத்தப்படுவது நேரத்தைப் பற்றி. வாரிய விதி 'வேலை நேரத்தில்' என்கிறது. ஆடு அறுப்பது விடியற்காலம் மூன்று, நான்கு மணிக்கு. அப்போதுதான் அது வேலை நேரம். ஆய்வுக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் பத்தரை, பதினொன்றுக்கு, அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். அந்நேரம் தரை கழுவியாயிற்று, தோல் போயாயிற்று, குடல் போயாயிற்று, கொக்கியில் நான்கு தொடை தொங்குகிறது. அதில் அவர் என்ன பார்க்க முடியும்? ஒரு ஆட்டின் கண்ணெதிரே இன்னொரு ஆட்டை அறுக்கக் கூடாது என்று 6ஆம் விதி சொல்கிறது. அதைப் பதினொரு மணிக்கு வந்து யாராலும் சரிபார்க்க முடியாது. அறுப்பதற்கு முன் 24 மணி நேரம் ஓய்வு கொடுத்தார்களா, தண்ணீர் வைத்தார்களா, சினை ஆடு வந்ததா, மூன்று மாதம் நிரம்பாத குட்டி வந்ததா, எதையுமே பார்க்க முடியாது. சட்டம் கொடுத்த அதிகாரம் போதும், தாராளமாகவே போதும். அதை விடியலுக்கு முன் பயன்படுத்தும் அலுவலர்கள்தான் குறைவு. அப்படி ஒருவர் அதிகாலையில் வந்து நின்றால் அது சட்டப்படி மட்டுமல்ல, முறைப்படியும் சரியான நேரம். 'இந்த நேரத்துக்கு வர இவனுக்கு என்ன வேலை' என்று நினைக்காதீர்கள் தம்பி.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், அறுப்புக்கு முந்தைய பரிசோதனை ஒரு சடங்கு அல்ல. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாடோ ஆடோ உயிரோடு இருக்கும்போது கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், தள்ளாட்டம் தெரியும். செத்த பிறகு மூக்கிலும் மலவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடியும். அந்த உடலைத் திறக்கவே கூடாது. திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பத்தாண்டுக் கணக்கில் கிடக்கும். முதலில் பாதிக்கப்படுவது கத்தி பிடித்தவர் கை. அதை உரித்த பிறகு கண்டுபிடித்துப் பயன் இல்லை, அறுக்கும் முன் கண்டுபிடிக்க வேண்டும். வெறிநாய் கடித்த ஆட்டை 'வீணாகப் போகுமே' என்று அவசரமாக அறுப்பதும் நடக்கிறது. அதன் தலையையும் மூளையையும் கையாள்கிறவருக்கு ஆபத்து. சில நோய்கள் அறுத்த பிறகுதான் தெரியும்: ஈரலில் புழு, நுரையீரலில் நீர்க்கட்டி, காசநோயின் முடிச்சுகள். அதனால்தான் முன்னும் பின்னும் இரண்டு பரிசோதனை. ஒரு கால்நடை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குக்கு மேல் பார்க்கக் கூடாது, நாளுக்கு 96க்கு மேல் கூடாது என்று 4ஆம் விதி சொல்வது இதற்காகத்தான். ஐந்து நிமிடம் ஒரு ஆட்டோடு நின்றால்தான் அது எப்படி நிற்கிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று தெரியும். மந்தையைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு மொத்தமாகச் சீல் குத்துவது பரிசோதனை அல்ல. சட்டத்தில் நுழையும் அதிகாரம் எல்லாம் கடைசியில் இந்த ஐந்து நிமிடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

சரி, வீடு. நம் ஊரில் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடியிருப்பு என்று இருப்பது சாதாரணம். அலுவலர் கடைக்குள்ளும் கொட்டகைக்குள்ளும் வரலாம் என்பதால் படுக்கையறைக்குள்ளும் வரலாம் என்று ஆகாது. அவருடைய அதிகாரம் உணவு தயாரிக்கும், விற்பனைக்கு இருப்பு வைக்கும் இடத்துக்கு. ஆனால் மீந்த கறியை வீட்டுப் பிரிட்ஜில் வைத்து மறுநாள் விற்கிறீர்கள் என்றால் அந்தப் பிரிட்ஜ் விற்பனை இருப்பு ஆகிவிடுகிறது, அது இருக்கும் அறை அவர் பார்க்கக் கூடிய இடமாகிறது. வீட்டையும் தொழிலையும் சுவர் வைத்துப் பிரித்துவிடுங்கள். வீட்டுக் கல்யாணத்துக்கும், கோவில் கொடைக்கும், பெருநாளுக்கும் விற்பனை நோக்கம் இல்லாமல் அறுப்பது உணவு வணிகம் அல்ல என்பதால் உணவுப் பாதுகாப்பு உரிமம் கேட்க மாட்டார்கள். மத முறைப்படி அறுப்பதைக் குற்றமாக்கவில்லை என்று வதைச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் சொல்கிறது. தமிழ்நாட்டில் கோவில்களில் பலியிடத் தடை விதித்த 1950ஆம் ஆண்டுச் சட்டமும் 2004இல் நீக்கப்பட்டுவிட்டது.

நடைமுறை மீறி ஒருவர் புகுந்து சோதித்தால், 'சோதனையே செல்லாது, அதனால் வழக்கும் செல்லாது' என்று நினைத்துவிடாதீர்கள். ராதாகிஷன் எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963இல் சொன்னது இன்றும் அடிப்படையாக நிற்கிறது. சட்டமீறலான சோதனையை இடத்துக்காரர் எதிர்க்க முடியலாம். கைப்பற்றியது பற்றிய சாட்சியத்தை நீதிமன்றம் கூடுதல் கவனத்தோடு பார்க்கலாம். ஆனால் அதனாலேயே கைப்பற்றியது செல்லாமல் போகாது. அதனால் வாசலில் கையைக் கட்டி மறிப்பதைவிட, உள்ளே விட்டு, கூடவே நின்று, நேரம், வந்தவர் பெயர், பதவி, எடுத்த பொருள், சாட்சி யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதுதான் பின்னால் வழக்கறிஞருக்கு உதவும். கையைப் பிடித்துத் தள்ளினால் நிலைமையே வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக 221ஆம் பிரிவு, தாக்கியதாக 132ஆம் பிரிவு. அப்புறம் இறைச்சி விவகாரம் பின்னுக்குப் போய்விடும், கைகலப்பு விவகாரம் முன்னால் வந்துவிடும்.

கடைசியாக உங்கள் உரிமம். நாளுக்கு இரண்டு பெரிய விலங்கு, அல்லது பத்து சிறிய விலங்கு, அல்லது ஐம்பது கோழி வரை அறுப்பவருக்குப் பதிவுச் சான்று போதும். அதற்கு மேல் போனால் மாநில உரிமம் வேண்டும், அது 50 பெரிய விலங்கு, 150 சிறிய விலங்கு, 1000 கோழி என்ற அளவு வரைக்கும். அதற்கும் மேலே மத்திய உரிமம். நீங்கள் வாரநாள் கணக்கை வைத்துப் பதிவு மட்டும் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஞாயிறு பதினைந்து ஆடு அந்த வரம்பைத் தாண்டுகிறது. முதலில் வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர் இதை இன்னும் கவனிக்காமல் இருக்கலாம், அடுத்த தடவை கவனிப்பார். நியமன அலுவலர் அலுவலகத்தில் மாநில உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். நகராட்சியின் தடையின்மைச் சான்றையும், ஆடுகளைப் பரிசோதிக்க வரும் கால்நடை மருத்துவரோடு எழுத்தில் ஓர் ஏற்பாட்டையும் சேர்த்தே தயார் செய்யுங்கள். கொட்டகையில் வேலை செய்கிறவர்களில் 18 வயது ஆகாத பையன் யாராவது இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், இறைச்சிக்கூட விதிகளின் 8ஆம் விதி அதை ஒத்துக்கொள்ளாது. மூன்றாவதாக வந்த அந்த இரண்டு பேரும் வாரியத்தின் கடிதத்தோடு திரும்ப வந்தால் கடிதத்தைப் படித்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, கொட்டகையைத் திறந்து காட்டுங்கள்.